ஒன்பதாம் பக்கத்தில் வால்

பதிப்பகத்தின் விதிகள் ஒரே தாள்.
பதினாறு பக்கம். அறுநூறு சொல்லுக்குள்.
ஓவியருக்குக் குறிப்பு எழுதக் கூடாது.
பதில் வர மூன்று மாதம் ஆகலாம்.
முடிவில் நீதி வேண்டவே வேண்டாம்.
இதற்கு மட்டும் அடிக்கோடு.

என்னிடம் இருந்தது ஆயிரத்து நாற்பது சொல்,
ரீடிங் நோட்டின் பின்பக்கங்களில்
சத்துவாச்சாரி வெயிலில் நின்றபடி எழுதியது.
தினசரி காலண்டரில் பல்லி விழும் பலன் போட்டிருக்கிறது:
தலையில் விழுந்தால் இன்னது, தோளில் விழுந்தால் இன்னது.
விழுந்த பல்லிக்கு என்ன பலன் என்று
ஒரு காலண்டரிலும் இல்லை.
அங்கே ஆரம்பித்தது.

மீட்டர் பெட்டிக்குள் குடியிருக்கும் ஒரு பல்லி.
உள்ளே மினுக்கும் சிவப்புப் பொட்டை
மின்மினி என்று நினைத்து
ராத்திரியெல்லாம் அதனோடு பேசும்.
கரண்ட் போகும்.
மின்மினி செத்துவிட்டதென்று அழும்.
அவ்வளவுதான் கதை.

குறைக்க உட்கார்ந்தேன்.
'மிகவும்' பதினொன்று போயிற்று.
'திடீரென்று' ஏழு.
பூனையைத் தூக்கினேன்,
பால் குடித்ததைத் தவிர அது ஒன்றும் செய்யவில்லை.
"ஆகவே குழந்தைகளே, மின்சாரத்தைச் சேமிப்போம்"
என்ற கடைசி வரியை எழுதியது நானில்லை,
என் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை.
அதை அடித்ததும் கதை
வாசலைச் சாத்தாமல் கிளம்பிப் போனவன் வீடு மாதிரி கிடந்தது.
இரண்டு நாள் பொறுத்துதான்
காற்று வருவது தெரிந்தது.

தோட்டப்பாளையத்தில் ஷாஹிதாவின் டிடிபி கடை.
காதணி விழா அழைப்புக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவே
என் பல்லிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்.
தட்டிக்கொண்டே போன விரல் நின்றது.
"சார், நாலாம் பக்கத்துல வால் அறுந்து விழுந்துச்சே?"
ஆமாம்.
"ஒன்பதாம் பக்கத்துல எதை ஆட்டுது?"

எட்டு மாதமாகப் படித்திருக்கிறேன்.
முந்நூற்றுப் பத்தை முப்பத்தொன்று என்று எழுதினால்
சாயங்காலமே ஃபோன் வரும் எனக்கு.
"வளருமே" என்றேன்.
"வளரும் சார். ஒரே ராத்திரியிலயா?"

பின்னால் ஒரு பையன் நின்றிருந்தான்,
கொணவட்டம் என்றான்.
கையில் பழைய பாஸ்போர்ட் படம்,
பெரிதாக்கி ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டுமாம்,
நாளை மறுநாள் காரியம்.
முறை வரக் காத்திருந்தவன்
திரையை எட்டிப் பார்த்துச் சொன்னான்:
"இல்லாத வாலைத்தான் ஆட்டுதுன்னு போடுங்கண்ணா.
பழக்கம் போகாதில்ல."

ஷாஹிதா என்னைப் பார்க்காமலே தட்டினார்.
'மகிழ்ச்சியுடன் தன் வாலை வேகமாக ஆட்டியது' போய்
'இல்லாத வாலை ஆட்டிப் பார்த்தது' வந்தது.
ஒரு சொல் மிச்சம்.
படத்தில் இருப்பது யாரென்று
அவனை நான் கேட்டிருக்கலாம்.
சொற்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
இன்னும் ஆசிரியர் குறிப்பு, நாற்பது சொல்லுக்குள்.
சா. முனிரத்தினம், வேலூர், கணக்கீட்டாளர்.
பரிசு இல்லை, முன்பு வந்த புத்தகம் இல்லை.
"வேறென்ன சார் போடறது?"
ஒரு நாளைக்கு இருநூறு வாசல் பார்ப்பவர்
என்று போடச் சொன்னேன்.
பாதி வாசலில் நாய் என்பதைப் போடவில்லை.

கோப்பின் பெயர் பல்லி_கடைசி_கடைசி_3.
மின்னஞ்சலில் இணைத்தாயிற்று.
நானே அமுக்குகிறேன் என்று
எலியை வாங்கி அமுக்கினேன்.
வட்டம் ஒரு சுற்று சுற்றியது,
கரண்ட் போயிற்று.

மோடத்தின் பச்சைப் பொட்டு அணைந்திருந்தது.
போயிற்றா, நின்றுவிட்டதா, தெரியவில்லை.
ஃபேன் மெல்ல மெல்ல ஓய்ந்தபோது
கடையில் இருந்த ஆறு பேரும்
என் காக்கிச் சட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்ப சார் வரும்?" என்றார் ஷாஹிதா.
"மூணு மாசம்" என்றேன்.